வாசலை அடைத்த பூதம்

"சார், நான் எதுக்கு வந்தேன்னா..."

"நிறுத்துங்க! இங்கே யாரும் நேரா பேசக் கூடாது. கதையாத்தான் சொல்லணும். அப்பதான் ஆழ்மனசு வாயைத் திறக்கும்" என்றார் மனநல ஆலோசகர்.

தேவதைக் கதைகளைக் குடைந்து மனசை வெளியே எடுப்பதில் அவர் கில்லாடி. வந்தவரோ கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்த தையல்காரர். வாயில்லாப் பூச்சி. மூன்று நாளாகப் பாதிப் படி ஏறிவிட்டுத் திரும்பிப் போனவரை, இன்று வரவேற்புப் பெண் விடாப்பிடியாக உள்ளே அனுப்பிவிட்டாள்.

தையல்காரர் ஆரம்பித்தார்.

"ஒரு குகை சார். அதுல ஒருத்தன் தொழில் பண்ணிப் பொழைக்கிறான். தினம் காலையில ஒரு பூதம் வந்து வாசலை அடைச்சுப் படுத்துக்குது. சாயந்திரம் வரைக்கும் அசையறதில்ல. வர்ற ஆளுங்க உள்ளே நுழைய வழியில்லாம திரும்பிப் போயிடறாங்க. இப்படியே போனா அவன் குகையை மூடிட வேண்டியதுதான்."

"அருமை! அதைத் தள்ளிப் பார்த்தானா?"

"லேசாத் தொட்டாலே ஊளையிடுது சார். தெருவே திரும்பிப் பார்க்குது."

ஆலோசகர் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். "அது உங்க குழந்தைப் பருவ அழுகை! குகைதான் உங்க மனசு. பூதம் உங்க பயம்."

"இல்ல சார், அது நிஜமாவே வெளியிலதான்..."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. உள்ளே இருக்கிறதை ஒத்துக்க யாருக்குமே மனசு வராது."

"அதோட சொந்தக்காரர்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லலாம்னு..."

"பூதத்துக்கு ஏதுங்க சொந்தக்காரர்? நீங்க கெஞ்சிக்கிட்டே இருந்தா ஆயுசுக்கும் அது நகராது. கையில கிடைக்கிறதை எடுத்து அதோட மூஞ்சியில ஒரே போடு போடுங்க!"

தையல்காரர் இன்ச் டேப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "போடலாமா சார்? அப்புறம் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்களே?"

"கோவமா? நானே கைதட்டுவேன். போங்க, இப்பவே!"

தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்பப் பெரிய மனசு சார் உங்களுக்கு" என்று கும்பிட்டுவிட்டுத் தடதடவென்று படியிறங்கினார்.

ஆலோசகர் நோட்டை எடுத்து, 'ஒரே சந்திப்பில் குணம்' என்று பெருமையாக எழுதி முடிப்பதற்குள், கீழே கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது.

ஜன்னலுக்கு ஓடினார். தையல் கடை வாசலை அடைத்து ஆலோசகரே நிறுத்தியிருந்த அவருடைய புதுக் கார், முன்கண்ணாடியில் சொருகிய இஸ்திரிப் பெட்டியோடு ஊளையிட்டுக்கொண்டிருந்தது.