பணியாத தலைவரின் மூக்குத்தி

‘எந்த அழுத்தத்துக்கும் பணியாத எஃகுத் தலைவர் மாசிலாமணி, இன்று வைரமாகி யுகம் யுகமாக ஒளிரப் போகிறார்’ என்று அஸ்தியை வைரமாக்கும் மயானத்துக் கூடத்தின் வாசலில் பதாகை கட்டியிருந்தார்கள். அஸ்திக் கரியை அழுத்துவதற்கு முன்னால் அது என்னவாகும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதும் ஒரு காரியமாகிவிட்ட காலம். சொந்தபந்தமும் தொழிற்சங்கமும் திரண்டு வந்திருந்தன.

மனைவி திலகவதிக்கு வேண்டியதெல்லாம் ஒரு மூக்குத்தி. உயிரோடு இருந்தவரை வீடு தங்காத மனிதர் இனிமேலாவது கூடவே இருக்கட்டும் என்று நினைத்தாள்.

கணினிக்காரி ரெஜினா ஒத்திகையை ஓடவிட்டுத் திரையைக் காட்டினாள். “பூமி வயித்துக்குள்ள இருக்கிற அழுத்தம் வரைக்கும் ஏத்துவோம்மா. அதுக்குப் பணிஞ்சு குடுத்தாத்தான் கரி வைரமாகும்.”

சங்கத்தின் துணைத்தலைவர் இருளப்பன் எழுந்துவிட்டார். “பணியணுமா? முதலாளிக்கே பணியாத மனுசன் ஒங்க மெஷினுக்குப் பணியணுமாக்கும்? நிறுத்து தாயி.”

“நிறுத்தினா கரியாவே இருந்துருவாரு சார்.”

“இருக்கட்டும். கரின்னாலும் கொள்கைக் கரி.”

“அப்ப என் மூக்குத்தி, தம்பி?” என்றாள் திலகவதி.

“மூக்குத்தியா பெருசு, மதினி? மானம்தான் பெருசு.”

கூட்டம் ‘வாழ்க’ போட்டது. திலகவதி தலைகுனிந்தாள். ரெஜினா நிறுத்தப்போனவள் திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். தலைவர் ஏற்கெனவே வைரமாகியிருந்தார்.

அழுத்தம் இன்னும் குக்கர் விசிலடிக்கும் அளவுக்குக்கூட வந்திருக்கவில்லை.