முதல்ல தேடு

நோலீன் அந்தக் கல்லைச் சமையலறை ஜன்னல் விளிம்பில் திருப்பி வைத்தாள்.

பக்கத்தில் ஒரு நாணயம் வைக்க வேண்டும். கல் எவ்வளவு பெரிது என்று தெரிவதற்காக, தங்கம் தேடுகிறவர்களின் இணையக் குழுவில் எல்லோரும் அப்படித்தான் படம் எடுத்துப் போடுவார்கள்.

அவள் நாணயம் எடுக்கப் போகவில்லை. மேசைமேல் கிடந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கல்லை ஒட்டி வைத்தாள். கால் உடைந்து, நீலப் பிளாஸ்திரி சுற்றிய கண்ணாடி.

படம் எடுத்தாள். டாட் பென்ரோஸ் என்ற பெயரில் குழுவில் போட்டாள். அது அவள் அம்மாவின் பெயர்.

'நான் இங்க புதுசு. இது தங்கமா? யாராவது சொல்லுங்களேன்.'

இதே கல்லை வைத்து இதே கேள்வியைக் குளிர்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

முதல் தடவை கேட்டபோது அவளுக்கு நிஜமாகவே தெரியாது. டனோலி ஊருக்கு வெளியே ஒரு காய்ந்த ஓடை. கணவன் மெர்வ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உலோகம் கண்டுபிடிக்கும் கருவியை மண்மேல் ஆட்டி ஆட்டி எங்கோ தூரம் போய்விட்டிருந்தான். வண்டி நிழலில் பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தவள், கால் மரத்துப்போய் எழுந்து நடந்தாள். மழை அரித்த கரையில் செருப்பில் இடறியது இது. கைக்குள் அடங்குகிற கல், அளவுக்கு மீறிக் கனத்தது.

தங்கம்தான் என்றால் மெர்வுடைய எழுபதாவது பிறந்தநாளுக்குத் தாளில் சுற்றிக் கொடுத்துவிடலாம். பாவம், இருபது வருஷமாகத் தேடுகிற மனுஷன். அவனுக்குத் தெரியாமல் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் அம்மா பெயரில் குழுவுக்குள் நுழைந்தாள்.

அங்கே நாட்டாமை செய்கிறவன் 'பழைய மண்வெட்டி' என்ற பட்டப்பெயர்க்காரன். புதிதாக வருகிறவர்கள் எதைக் கேட்டாலும் அவனிடம் ஒரே பதில்தான்: 'முதல்ல தேடு. அப்புறம் கேளு.'

அவளுக்குக் கொசுறும் கிடைத்தது.

'முதல்ல தேடு. அப்புறம் கேளு. இதை ஆயிரம் பேர் கேட்டாச்சு, ஆயிரம் தடவை சொல்லியாச்சு. தேடத் தெரியலைன்னா போய்ப் பாத்திரம் கழுவு பாட்டி.'

கீழே சிரிக்கும் மூஞ்சிகள் வரிசைகட்டி நின்றன.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மெர்வ் அதையே எடுத்தான். "இன்னிக்கு நம்ம குழுவுல ஒரு கிழவி வசமா மாட்டினா பாரு" என்று ஆரம்பித்து, கறித்துண்டு தொண்டையில் சிக்குகிற அளவுக்குச் சிரித்தான்.

நோலீனும் சிரித்தாள். தான் சிரித்ததைத்தான் அவளால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. பிறகு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

மெர்வுக்கு இந்த வீட்டில் ஒரு பொருளும் கண்ணில் படாது. சர்க்கரை எங்கே, காலுறை எங்கே, வண்டிச் சாவி எங்கே. கல்யாணமான நாளிலிருந்து கேட்டதையே கேட்கிறான். அவளும் ஒருநாள்கூட முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கல் குளிர்காலம் முழுக்க ஜன்னலில்தான் கிடந்தது. அதுவும் அவன் கண்ணில் படவில்லை.

அது தங்கம்தான் என்று அவள் எப்போதோ தெரிந்துகொண்டுவிட்டாள். மண்வெட்டி சொன்னபடியே தேடினாள். பழைய பதில்களில் கிடைத்தது. கத்தி முனையால் குத்தினால் போலி பொடிந்துபோகும், அசல் அமுங்கும். குத்திப் பார்த்தாள். அமுங்கியது.

அதற்குப் பிறகும் விடாமல் கேட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அது கத்துகிற வரைக்கும் கல்லெறிந்துகொண்டிருக்கலாம் என்று இருந்தாள். கத்தி பட்ட பக்கத்தை இன்றுதான் முதல் தடவையாகப் படத்தில் காட்டியிருந்தாள்.

வெளியே கார் நிறுத்தும் கொட்டகையில் மெர்வ் எதையோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. நோலீன் கெட்டிலை அடுப்பில் வைத்தாள்.

தண்ணீர் கொதிப்பதற்குள் பதில் வந்தது.

'மறுபடியும் நீயா? அது தங்கம்னா நான் மீசையை மழிச்சுட்டு இந்தக் குழுவை விட்டே போறேன். எல்லாரும் சாட்சி.'

அவள் டீயை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். வயிற்றுக்குள் இதமாக ஏதோ பரவியது, டீ இன்னும் வாய்க்கே போகவில்லை.

காலின் என்ற பழைய உறுப்பினர் எழுதினார்: 'யோவ் மண்வெட்டி, படத்தைப் பாத்தியா இல்லையா? கத்தி பட்ட இடம் அமுங்கியிருக்கு பாரு. தங்கம்யா அது!'

'ஐயோ, ஆமாம்! இவ்வளவு பெரிசா!'

'பாட்டி, நீங்க நல்லா இருக்கணும்.'

'மீசைக்கு ஆழ்ந்த இரங்கல்.'

சிரிக்கும் மூஞ்சிகள் மறுபடி வரிசைகட்டின. இந்தத் தடவை அவை நின்றது மண்வெட்டிக்குக் கீழே.

கடைசியாகக் காலின் மறுபடி வந்தார்.

'ஒரு சந்தேகம் மண்வெட்டி. பக்கத்துல இருக்கே, நீலப் பிளாஸ்திரி சுத்தின கண்ணாடி. போன மாசம் நாம சேர்ந்து போனப்ப அது உன் மூக்குமேலதானே இருந்துச்சு?'

எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டால் கண்ணாடி இல்லாமலே பதில் அடித்துவிடலாம். படத்தைப் பார்க்கத்தான் கண்ணாடி வேண்டும்.

கொட்டகையில் தட்டுகிற சத்தம் நின்றது. நாற்காலி ஒன்று மல்லாந்து விழுந்தது.

"நோலீன்! என் கண்ணாடி எங்க?"

நோலீன் ஜன்னலைப் பார்த்தாள். கல்லும் கண்ணாடியும் வெயிலில் அக்கடா என்று கிடந்தன. டீயை ஒரு வாய் குடித்தாள்.

"முதல்ல தேடு மெர்வ்" என்றாள். "அப்புறம் கேளு."