ஏழு சீட்டு போதும்

"அந்தச் சிவப்பு வண்டிப் பக்கம் இன்னொரு தடவை திரும்பினே, கழுத்தைத் திருகிடுவேன்," என்றாள் நோலீன்.

கிளைவ் சட்டென்று முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். ரெண்டே சீட்டு, மடக்கி வைக்கிற கூரை. அந்தச் சிவப்பு வண்டி வெயிலில் அவனைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்திரேலியாவின் டுவூம்பா ஊரில் பழைய கார் விற்கும் மர்ரேவுக்கு இதெல்லாம் புதிதல்ல. இந்த அளவுக்கு உரிமையாகத் திட்டுகிறாள் என்றால், கல்யாணமாகி இருபது வருஷமாவது ஆகியிருக்க வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டான்.

சனிக்கிழமை என்பதால் வாசலில் சாசேஜ் சுட்டு, ரொட்டியில் வைத்து, இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட வந்திருந்த ஐந்து பிள்ளைகளும் ஆளுக்கொன்றைக் கவ்விக்கொண்டு, நாய் பின்னால் துரத்த, கார்களுக்கு நடுவே ஓடிப் பிடித்து விளையாடினார்கள். அவர்களோடு சேராமல் டீகன் என்ற இளம்பெண் மட்டும் ஓரமாக நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்த பெண் போலிருக்கிறது, அந்த வயதுக்கே உரிய சலிப்பு என்று நினைத்துக்கொண்டான் மர்ரே.

முதலில் ஒரு நீளமான ஸ்டேஷன் வேகனைக் காட்டினான். "நாய் வெச்சிருக்கிறவங்களுக்கு இதுதான் சரி. உயரம் கம்மி, அதுவே குதிச்சு ஏறிக்கும்."

"நாய் ஏறிக்கும். பிள்ளைங்களை எங்க போடறது, கூரை மேலயா?"

அடுத்தது யானை மாதிரி ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி. "இதுல எட்டுப் பேர் தாராளமாப் போகலாம்."

"ஏழு சீட்டு போதும்."

மர்ரே எண்ணிப் பார்த்தான். "தலையை எண்ணினா எட்டு வருதே?"

"ஏழு போதும்னா போதும்."

மூத்தவள் சீக்கிரமே தனக்கென்று ஒரு வண்டி வாங்கிக்கொள்வாள் போல என்று எண்ணியபடி மர்ரே அடுத்த வண்டிக்கு நடந்தான். மூன்று வரிசை, ஏழு சீட்டு, வெள்ளை ஃபோர் வீல் டிரைவ். நோலீன் அதை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பிறகுதான் பரீட்சை ஆரம்பமானது.

கடைக்குட்டி ஃபின்னை, கையில் இருந்த சாசேஜோடு நடு சீட்டில் தூக்கி உட்கார வைத்தாள். தக்காளி சாஸ் சொட்டச் சொட்டப் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு ஈரத்துணியால் ஒரே இழுப்பு. "போயிடுச்சு. பரவாயில்ல."

பெரிய பையன்கள் இருவரையும் கடைசி வரிசைக்கு அனுப்பினாள். "ரெண்டு பேரும் சண்டை போடுங்கடா." சொல்லி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். "கிளைவ், ஓட்டுற சீட்டுல உக்காந்து கையைப் பின்னாடி நீட்டு. எட்டுதா?"

"எட்டல."

"அப்ப வாயாலதான் அடக்கணும். பழகிக்கோ."

"வாந்தி எடுத்தா எந்தப் பக்கம் ஓடும்?" என்று அடுத்ததாக மர்ரேவைக் கேட்டாள். இத்தனை வருஷத் தொழிலில் யாரும் கேட்காத கேள்வி அது. மர்ரே குனிந்து, தரையின் சரிவைப் பார்த்து, "முன்னாடி," என்றான் நேர்மையாக.

"ரொம்ப நல்லது," என்றாள் நோலீன்.

டீகன் அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "காபி கப் வைக்க இடம் இருக்கா?"

நோலீன் முந்திக்கொண்டாள். "இருக்கும்மா. ஆனா அதுக்குள்ள நாளைக்கு என்ன கிடக்கும்னு மட்டும் என்னைக் கேக்காதே."

டீகனின் முகம் வெளுத்தது. கிளைவ் முனகினான். "இவ்வளவு பெருசு எதுக்கு நோலீன்? நிறுத்தவே ஒரு மைதானம் வேணும் போலிருக்கே."

"எப்பக் கேட்டாலும், வண்டியில இடமில்ல, இடமில்லன்னு சொல்லித்தானே தப்பிச்சே? இனிமே அந்தச் சாக்கு செல்லாது."

கிளைவ் அலுவலக அறைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, பல் பிடுங்கிக்கொண்டவன் மாதிரி வெளியே வந்தான்.

அதற்குள் நோலீன், தெருவில் நின்ற பழைய வேனிலிருந்து பைகள், தலையணைகள், கிரிக்கெட் மட்டை எல்லாவற்றையும் கொண்டுவந்து வெள்ளை வண்டியின் கூரைமேல் கட்டியிருந்தாள். நாய் தானாகவே முன்பக்கம் ஏறி, அங்கே உட்கார்ந்துவிட்ட டீகனின் காலடியில் படுத்துக்கொண்டது.

"நேராக் கடற்கரைக்கா?" என்றான் மர்ரே.

"ஆமா. பள்ளிக்கூட லீவு முழுக்க."

"உங்களுக்கும் நல்ல ஓய்வு."

"எத்தனை நாளா அதுக்குக் காத்துக்கிட்டிருக்கேன் தெரியுமா?"

சொல்லிவிட்டு ஃபின்னின் பெல்ட்டை மாட்டப் போனாள். மாட்டியதைக் கழற்றி மறுபடி மாட்டினாள். அவன் வாயோரத்து சாஸைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு கதவை அழுத்திச் சாத்தினாள்.

மர்ரே கேமராவோடு ஓடி வந்தான். வண்டி வாங்கியவர்களைப் படமெடுத்துச் சுவரில் மாட்டுவது அவன் வழக்கம். கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு ஐந்து தலைகளும் எட்டிப் பார்த்தன. ஓட்டும் சீட்டில் கிளைவ், உறைந்துபோய்ச் சிரித்தான்.

"குடும்பமே ஜோரா இருக்கு! நோலீன், நீங்க மட்டும் ஏன் தள்ளி நிக்கறீங்க? உங்க பொண்ணைப் பின்னாடி அனுப்பிட்டு, முன்னாடி வந்து உக்காருங்க!"

நோலீன் தன் வேன் சாவியை விரலில் சுழற்றியபடி சிரித்தாள்.

"அவ என் பொண்ணு இல்ல மர்ரே, அவனோட புதுப் பெண்டாட்டி, பழசு நான்!"