கொக்கின் அலகு

அவன் உளியை எடுத்தபோது அவன் மனைவி பவுனு தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

கொக்கு அவர்களுடைய மரச்சிற்பக் கடை வாசலில் நின்றது. காப்பி வேர். எஸ்டேட்டில் பழைய செடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்த குவியலிலிருந்து அவள் இழுத்து வந்தது. மண்ணைத் தட்டினாள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள். நிறுத்தி வைத்தாள். அவ்வளவுதான், கொக்கு ஆகிவிட்டது.

இதெல்லாம் ஒரு வேலையா?

அதே குவியலில் அவனும்தான் தேடினான். அந்த வேரைக் காலால் தள்ளிவிட்டுத்தான் அடுத்ததை எடுத்தான்.

"உனக்கு மட்டும் எப்படித் தெரியுது?" என்று ஒருமுறை கேட்டும் விட்டான்.

"பார்த்தாலே தெரியுதே," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் அவனுக்குச் செரிக்கவில்லை.

நாள்கணக்கில் உட்கார்ந்து அவன் செதுக்கிய மயில் பின்வரிசையில் தூசி படிந்து கிடக்கிறது. ஒவ்வொரு இறகுக்கும் கோடு போட்டிருந்தான். உப்புத்தாள் தேய்த்தே விரல் நுனியில் தோல் போயிருந்தது. ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் மயிலைத் தொட்டுப் பார்த்து "நல்லா இருக்கு" என்பார்கள். பிறகு அவளுடைய வேர்களுக்கு முன்னால் போய் வாயடைத்து நிற்பார்கள்.

யார் செய்தது என்று கேட்பார்கள். மயிலைக் காட்டி ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை.

கட்டின பெண்டாட்டி மேல் பொறாமைப்படுகிறவன் ஒரு மனுஷனா என்று தன்னையே திட்டிப் பார்த்தான். வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

நேற்று வந்த அம்மாள் கொக்கை விட்டு நகரவே இல்லை. காலையில் ஊருக்குக் கிளம்பும்போது வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். "வார்னிஷ்கூட அடிச்சிடாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

சொன்னது பவுனுவிடம். அவனும் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

அப்படியே இருக்கட்டுமாம்.

அவன் கொக்குக்கு அலகு செதுக்கினான். கூரான, சுத்தமான அலகு. தூளை ஊதிவிட்டுப் பார்த்தான். இனி இதில் அவனுக்கும் பங்கு உண்டு.

கார் வந்து நின்றது. அம்மாள் இறங்கி வந்து பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"போச்சே," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். காருக்குத் திரும்பி நடந்தாள்.

பவுனு குடத்தோடு வந்து நின்றாள். தரையில் கிடந்த சீவல்களைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

திட்டட்டும் என்று காத்திருந்தான். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். சொல்ல வேண்டியதெல்லாம் வாய்வரைக்கும் வந்து நின்றது.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். கொக்கைத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

தலைகீழாக நிறுத்தினாள்.

"அம்மா, ஒரு நிமிஷம் இதைப் பார்த்துட்டுப் போங்க."

அம்மாள் மனமில்லாமல்தான் வந்தாள். குனிந்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு பவுனுவைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"இவரு செஞ்சதுங்க," என்றாள் பவுனு. "அந்த வெட்டு விழலேன்னா இது வந்திருக்காது."

அம்மாள் முதல்முறையாக அவன் பக்கம் திரும்பினாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"மனசுல முதல்லயே இதைத்தான் நினைச்சு வெச்சிருந்தீங்களா?"

அவன் வேரைப் பார்த்தான். குனிந்து பார்த்தான். தள்ளி நின்றும் பார்த்தான்.

கவிழ்ந்து நிற்கும் கொக்குதான் தெரிந்தது.

"ஆமாங்க," என்றான்.