எழுதப்படாத எதிரி

பினாங்கு ரோட்டில் சைபர் கஃபே வைத்திருந்த சந்திரசேகரன், இரண்டு இலவச வியூக ஆட்டங்களை ஒப்பிட்டு நல்லதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அவருக்குப் பிடித்துவிட்டால் எனக்கு அங்கே வேலை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையின் இரவு ஷிப்டை விட்டுவிடலாம்.

முதல் ஆட்டத்தில் வரைபடம் பெரிது. எதிராளியாக இன்னொரு மனிதர் வேண்டும். இரண்டாவதில் கம்ப்யூட்டரே எதிரி, ஆனால் படுமுட்டாள். அதன் நிரல் யாரும் திருத்தும்படி திறந்தே கிடந்தது. எரிச்சலில் எதிரிக்கான பகுதி முழுவதையும் அழித்தேன். புதிதாக எழுதுவதற்குள் சந்திரசேகரன் ஆட உட்கார்ந்துவிட்டார். எதிரி அவருடைய தலைநகரைப் பிடித்தது.

"பயங்கரமா ஆடுதுலா! நீ எழுதினதா, தம்பி?"

"இன்னும் எழுதவே இல்லண்ணே."

"ரொம்ப அடக்கம்தான். நாளைக்கே வேலைக்கு வந்துடு."

மறுநாள் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் ஆட்டத்தை ஏற்றினேன். எதையும் தொடங்கவில்லை. எல்லாத் திரைகளிலும் 'உன் முறை' என்று வந்து நின்றது.