மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே

நாற்பத்தேழாவது படமும் கறுப்பு.

கேமராவின் சின்னத் திரையை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். கறுப்புக்குள் நாலைந்து வெள்ளைப் பொட்டு. அவ்வளவுதான்.

மணி எட்டைத் தாண்டியிருந்தது. மார்கழிப் பனியில் மொட்டை மாடிச் சுவர் நனைந்து கிடந்தது. பதினோரு நாளாக மூடிக் கிடந்த வானம் இன்றுதான் விட்டிருக்கிறது.

கிழக்கே அந்த மூன்று நட்சத்திரங்கள்.

அவற்றுக்குக் கீழேதான் இருக்கிறதாம். நெபுலா. நட்சத்திரங்கள் பிறக்கிற புகை.

கணவருடைய நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. இடமிருந்து வலமாக, வரிசையாக மூன்று புள்ளிகள். அங்கிருந்து கீழே இறங்கும் ஓர் அம்பு. நுனியில் ஒரு வட்டம். பக்கத்தில், பொடி எழுத்தில்: 'இரண்டு செகண்டு. நூறு படம். கை படக் கூடாது.'

யாரோ வெளிநாட்டுக்காரனின் வீடியோவைப் பார்த்துப் பார்த்து எழுதியது. ஆடி மாதம் கேமரா வந்தது. மழை ஓயட்டும், முதல் படம் இதுதான் என்றார்.

ஐப்பசியில் குளியலறையில் விழுந்தார்.

உடம்பில் வலது பக்கம் போயிற்று. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது.

சரி.

சாப்பிடுறீங்களா? சரி. வலிக்குதா? சரி. வலிக்கலையா? சரி.

கீழே அவர் தலையணை ஓரம் ஒரு போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்தாள். மற்றொன்று இவள் கையில்.

"ஏங்க, மூணும் ஏணி மாதிரி ஒண்ணுமேல ஒண்ணா நிக்குது. அதுக்கும் கீழதான் பிடிக்கிறேன். ஒண்ணும் விழல. இன்னும் இறக்கவா?"

"சரி."

"இல்ல, மேல ஏத்தவா?"

"சரி."

"முப்பத்தொரு வருஷத்துல நான் சொன்னதுக்கு ஒருநாளாவது சரின்னிருப்பீங்களா? இப்ப மூச்சுக்கு மூச்சு சரி."

சிரிப்பாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

காலை ஆறு மணிக்குப் பிரகதீஷ் வேனோடு வருகிறான். அப்பாவைக் கோயம்புத்தூரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க.

பெற்ற பிள்ளையைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவளுக்காகத்தான் செய்கிறான். "அப்பாவுக்கு எதுவும் ஏறலைம்மா. ஃபேனைப் பார்த்துக்கூட சரிங்கிறார். எங்க இருந்தாலும் அவருக்கு ஒண்ணுதான். உங்க இடுப்பு ஒடியறதுதான் மிச்சம்."

ஏறுகிறது என்று அவளுக்குத் தோன்றும். தோன்றுவதை எடுத்து எப்படிக் காட்டுவது?

அந்தப் புகையைப் படத்தில் கண்டால் அவர் முகம் மாறும். மாறுவதைப் பிள்ளை பார்ப்பான். அவளிடம் இருந்த ஒரே யோசனை இதுதான்.

அறுபது. லென்ஸை இன்னும் இறக்கினாள். எழுபத்தொன்று. எண்பத்தாறில் பக்கத்து வீட்டுத் தென்னங்கீற்று வந்து விழுந்தது.

கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

அவர் கண் முன்னால் திரையைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கறுப்பு. கறுப்பு. கீற்று. கறுப்பு.

முகம் மாறவில்லை.

"நீங்க எழுதினபடிதானே செஞ்சேன்? நீங்களே பாருங்க."

நோட்டை விரித்து அவர் மார்பில் வைத்தாள்.

இடது கை நகர்ந்தது. நோட்டு சாய்ந்தது.

நேராக்கினாள்.

மறுபடி சாய்ந்தது.

"கீழ விழுந்துடும்ங்க." மறுபடி நேராக்கினாள்.

மூன்றாம் முறை அவர் அதைப் பக்கவாட்டில் முழுசாகத் திருப்பினார். உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார். அவள் இழுத்தாள். விடவில்லை. அந்தக் கையில் இவ்வளவு பலம் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

அப்போதுதான் பார்த்தாள்.

புள்ளிகள் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. மாடியில் பார்த்த மாதிரியே.

அம்பு வலது பக்கம் காட்டியது.

வெளிநாட்டுக்காரனின் வானத்தில் அவை படுத்திருக்கும் போலிருக்கிறது. நம் ஊரில் நின்றுகொண்டு எழும்புகின்றன. அவர் மாடிக்கு வரவில்லை. ஜன்னலும் மேற்கே பார்த்தது. ஏணி என்று போனில் இவள் ஒரே ஒரு தடவை சொன்னதை வைத்தே திருப்பியிருக்கிறார்.

படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். ஐம்பத்தெட்டு வயதில்.

கிழக்கே மேகம்.

ஒரு நட்சத்திரம்கூட இல்லை. நின்றாள். கால் மணி. அரை மணி. மேகம் தலைக்கு மேலேயும் வந்து மூடியது. இருந்தாலும் லென்ஸை வலப்பக்கம் திருப்பி ஒரு படம் எடுத்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் விழுந்தது.

போன் அதிர்ந்தது. பிரகதீஷ்.

'பை ரெடியாம்மா?'

என்னவென்று எழுதுவாள்? அப்பா நோட்டைத் திருப்பினார் என்றா?

நழுவியிருக்கும்மா என்பான். அவளே இரண்டு தடவை அப்படித்தான் நினைத்தாள்.

கீழே வந்தாள். அவர் தூங்கிப்போயிருந்தார். உள்ளங்கை இன்னும் நோட்டின் மேல்.

கட்டிலடியில் இருந்த பையை இழுத்துத் தரையில் உட்கார்ந்தாள். ஓசை வராமல் ஜிப்பைத் திறந்து, மேலாக இருந்த வேட்டியை வெளியே எடுத்தாள்.

பிறகு அடுத்ததை.