கம்ப்யூட்டருக்கு ஏசி

திருச்செந்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி அம்மா வீட்டுக்குள் நுழைந்ததுமே இசக்கிசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா வீட்டில் குறை கண்டுபிடிக்க மகள்களுக்கு ரொம்ப நேரமா ஆகும்?

அம்மா செல்லத்தாய் வேர்க்க விறுவிறுக்க ஹாலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அம்மாவின் அறையில் ஏசி ஜில்லென்று ஓடியது. உள்ளே ஆள் யாரும் இல்லை. பெரிய கம்ப்யூட்டர் ஒன்றுதான் இருந்தது.

"யாரு வேலைம்மா இது? மதினியா?"

"ஆமா. கடல் தண்ணியக் குடிதண்ணியாக்க ஆராய்ச்சி பண்ணுதாள்லா. காலேஜ்ல மிஷினுக்கு வரிசையாம். அதான் வீட்டுல ஓட்டுதா."

"அதுக்கு உன் ஏசிதானா கெடச்சுது? அண்ணன் துபாயில இருக்கான், கேக்க ஆளில்லன்னு நெனச்சிட்டாளா?"

மதினி காலேஜுக்குப் போயிருந்தது நல்லதாய்ப் போயிற்று. இசக்கிசெல்வி விறுவிறுவென்று போய் கம்ப்யூட்டர் சுவிட்சில் கை வைத்தாள்.

செல்லத்தாய் கீரையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா, தொடாத. ஒரு வாரமா ஓடுது. இப்ப நின்னா முதல்லேருந்து ஓட்டணும். நாளைக்கு முடிவைக் காட்டலன்னா அவ ஆராய்ச்சியே போச்சு. அங்கன பாரு."

திரையில் சல்லடை மாதிரி ஒரு சவ்வு. நீலப் புள்ளிகள் அதற்குள் நுழைந்து போயின. மஞ்சள் புள்ளிகள் முட்டி முட்டித் திரும்பின.

"நீலம் தண்ணி, மஞ்சள் உப்பு. அலையாத்தி மரம் வேர்லயே உப்பைத் தடுத்துருமாம். அதே மாதிரி சவ்வு செய்யலாமான்னு இதுல ஓட்டிப் பாக்கா. சூடானா மிஷின் நின்னுரும்னு கவலப்பட்டா. நான்தான் என் ரூமுல வைன்னேன். அவ வேண்டவே வேண்டாம்னுதான் சொன்னா." சீரியல் பார்க்கிற சந்தோஷம் அம்மா முகத்தில். "நம்ம போர்த் தண்ணியில டீ போட்டா பால் திரிஞ்சு போவுது. இது முடிஞ்சா நல்லதுதானளா."

இசக்கிசெல்விக்கு மனசு ஆறவில்லை.

"அவ நடிப்பை நம்பாத. வயசானவளப் புழுக்கத்துல போட்டுட்டு என்ன ஆராய்ச்சி வேண்டிக்கெடக்கு? எங்கூட ஸ்ரீவைகுண்டத்துக்குக் கெளம்பு. எங்க வீட்டுல ரெண்டு ரூமுலயும் ஏசி. ஒண்ணு சும்மாத்தான் கெடக்கு."

"சும்மாவா? ஏளா, உன் மாமியார் எங்க படுக்காவ?"

"அத்தையா? அவங்களுக்கு எதுக்கும்மா ஏசி? அதான் ஹால்ல ஃபேன் ஓடுதுல்லா."